யூரோவிஷனில் புள்ளி போடுவது யார்?

நண்பர் ஒருவர் கேட்டது இது: "யூரோவிஷன் பாட்டுப் போட்டி எப்படித் தொடங்கியது? பரிசு பாட்டுக்கா, பாடகருக்கா, நாட்டுக்கா? ஐரோப்பாவில் இல்லாத இஸ்ரேலும் ஆஸ்திரேலியாவும் அதில் எப்படி வந்தன? எல்லாம் வெறும் அரசியல் என்கிறார்களே, உண்மையா?"

யூரோவிஷனின் கதையைப் பாடல்களை வைத்துச் சொல்லலாம், மேடை உடைகளை வைத்தும் சொல்லலாம். நான் மதிப்பெண் பலகையை வைத்துச் சொல்கிறேன். யார் புள்ளி போட்டார்கள், எப்படி எண்ணினார்கள், எந்தத் தகராறுக்குப் பிறகு எந்த விதி வந்தது என்று பார்த்துக்கொண்டே போனால் நான்கு கேள்விக்கும் பதில் கிடைத்துவிடும். ஜெர்மனியில் இருக்கும் எங்கள் வீட்டில் மே மாதத்து அந்தச் சனிக்கிழமை இரவு ஆளுக்கொரு தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டு உட்காருவோம். ஒன்பது மணிக்கு ஆரம்பிக்கும். நள்ளிரவு தாண்டி, பிள்ளைகள் சோபாவிலேயே தூங்கிப்போன பிறகும் பெரியவர்கள் யாரும் எழுந்து போகமாட்டோம். அந்த நேரத்தில் பாட்டெல்லாம் முடிந்திருக்கும், புள்ளி எண்ணுவது மட்டும் நடந்துகொண்டிருக்கும்.

முதலில் இது என்ன மாதிரிப் போட்டி என்று சொல்லிவிடுகிறேன். நம் ஊர்த் தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டிகளில் எல்லாருக்கும் தெரிந்த சினிமாப் பாட்டை யார் நன்றாகப் பாடுகிறார் என்று மாதக்கணக்கில் பார்ப்பார்கள். யூரோவிஷனில் ஒவ்வொரு நாட்டு ஒளிபரப்பு நிறுவனமும் ஒரு புதிய பாட்டை அனுப்புகிறது. மூன்று நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது, மேடையில் ஆறு பேருக்கு மேல் நிற்கக் கூடாது, முதன்மைக் குரல் நேரடியாகப் பாடியே ஆகவேண்டும். சொந்த நாட்டுக்கு வாக்களிக்க முடியாது. போட்டி பாட்டுகளுக்கு இடையில்தான். அயர்லாந்தின் ஜானி லோகன் 1980இலும் 1987இலும் தானே பாடி வென்றார். 1992இல் லிண்டா மார்ட்டின் பாடி வென்ற பாட்டை எழுதியவரும் அவரே. அதனால் அவரை மூன்று முறை வென்றவர் என்று எல்லாரும் சொல்கிறார்கள். ஆனால் மறுநாள் செய்தித்தாளில் "சுவீடன் வென்றது", "இத்தாலி வென்றது" என்றுதான் வரும். அடுத்த வருடப் போட்டியை நடத்தும் உரிமையும் அந்த நாட்டு நிறுவனத்துக்குத்தான் போகும்.

சரி, தொடக்கத்துக்கு வருவோம்.

1950 பிப்ரவரியில் இங்கிலாந்தின் டார்கீ என்ற கடற்கரை ஊரில் மேற்கு ஐரோப்பிய ஒளிபரப்பாளர்கள் கூடி ஐரோப்பிய ஒளிபரப்பு ஒன்றியத்தை உருவாக்கினார்கள். இதை ஐரோப்பிய ஒன்றியத்தோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை. இது வானொலி, தொலைக்காட்சி நிறுவனங்களின் கூட்டமைப்பு. நிகழ்ச்சிகளைப் பரிமாறிக்கொள்வதுதான் நோக்கம். "யூரோவிஷன்" என்ற சொல்லை 1951இல் ஜார்ஜ் கேம்பி என்ற பிரிட்டிஷ் பத்திரிகையாளர் பயன்படுத்தினார். பிறகு இந்தப் பரிமாற்ற வலையமைப்புக்கே அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. இன்றும் போட்டியின் தொடக்கத்தில் கேட்கும் கம்பீரமான இசை இந்த வலையமைப்பின் அடையாள இசைதான். பதினேழாம் நூற்றாண்டுப் பிரெஞ்சு இசையமைப்பாளர் ஷார்பான்டியே எழுதிய தேவாலயப் பாடல் ஒன்றின் முகப்பு அது.

பரிமாற்றம் என்று எளிதாகச் சொல்லிவிட்டேன். அன்று அது பெரிய வேலை. பிரிட்டனில் படம் 405 கோடுகளில் ஒளிபரப்பானது, பிரான்சில் 819, ஜெர்மனியிலும் இன்னும் பல நாடுகளிலும் 625. ஒரு நாட்டுப் படத்தை அடுத்த நாட்டில் காட்ட வேண்டுமென்றால், அதை ஒரு திரையில் ஓடவிட்டு, அந்தத் திரையை இன்னொரு கேமராவால் படம்பிடிப்பதுதான் வழி. அப்புறம் மலை உச்சிகளில் நிறுத்திய கோபுரங்கள் வழியாக நுண்ணலையில் ஒன்றிலிருந்து ஒன்றுக்குக் கடத்த வேண்டும். 1953 ஜூனில் எலிசபெத் அரசியின் முடிசூட்டு விழாவை இப்படித்தான் பிரான்சும் நெதர்லாந்தும் ஜெர்மனியும் பார்த்தன. மறுவருடம் ஜூனில் சுவிட்சர்லாந்தின் மோந்த்ரோ நகரத்து நார்சிசஸ் மலர்த் திருவிழாவோடு பல நாட்டு நேரலை முறையாகத் தொடங்கியது. போர் முடிந்து பத்து வருடம்கூட ஆகாத காலம். ஒருவர் மீது ஒருவர் குண்டு போட்ட நாடுகள் ஒரே நேரத்தில் ஒரே பூ ஊர்வலத்தைப் பார்த்திருக்கின்றன. எனக்கு இது இன்றும் சிலிர்ப்பான விஷயம்.

கம்பி இருக்கிறது, கோபுரம் இருக்கிறது. அதில் எதை அனுப்புவது? இந்தக் கேள்வியைக் கையில் எடுத்தவர் சுவிஸ் ஒளிபரப்பின் தலைவர் மார்செல் பெசான்சோன். 1955இல் மொனாக்கோவில் அவர் தலைமையில் கூடிய நிகழ்ச்சிக் குழுவில் பாட்டுப் போட்டி யோசனை வந்தது. முன்மாதிரி கைவசம் இருந்தது: இத்தாலியின் சான் ரெமோ நகரில் 1951 முதல் நடந்துவந்த பாட்டுத் திருவிழா. அதே வருடம் அக்டோபரில் ரோமில் கூடிய பொதுச் சபை ஒப்புதல் கொடுத்தது. ஆக, இந்தப் போட்டி முதலில் ஒரு பொறியியல் பரிசோதனை. இசை அதற்கு ஏற்றிய சரக்கு. பொறியாளர்களின் குழந்தை இது என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், வாக்கு எண்ணும் இயந்திர வேலைக்கு இதில் ஏன் இவ்வளவு இடம் என்பது புரியும்.

முதல் போட்டி 1956 மே 24 அன்று சுவிட்சர்லாந்தின் லுகானோவில். ஏழு நாடுகள்: சுவிட்சர்லாந்து, இத்தாலி, பிரான்ஸ், ஜெர்மனி, பெல்ஜியம், நெதர்லாந்து, லக்சம்பர்க். நாட்டுக்கு இரண்டு பாட்டு, மொத்தம் 14. வீடுகளில் தொலைக்காட்சி அரிது என்பதால் பெரும்பாலானவர்கள் வானொலியில் கேட்டார்கள். நாட்டுக்கு இரண்டு நடுவர்கள், ரகசிய வாக்கு, சொந்த நாட்டுக்கும் வாக்களிக்கலாம். லக்சம்பர்க் நடுவர்கள் வர முடியவில்லை. அவர்கள் இடத்தில் சுவிஸ்காரர்கள் உட்கார்ந்து வாக்களித்தார்கள். வென்றது யார்? சுவிட்சர்லாந்தின் லீஸ் அசியா. இரண்டாம் இடம் யார், யாருக்கு எத்தனை புள்ளி என்பது இன்றுவரை வெளியே சொல்லப்படவில்லை. லீஸ் அசியா நல்ல பாடகி, பாட்டும் அழகானது. ஆனாலும் முதல் போட்டியின் எண்ணிக்கையை யாரும் கண்ணால் பார்க்கவில்லை.

மறுவருடம் ஃபிராங்க்ஃபர்ட்டில் பலகை வந்தது. ஒவ்வொரு நாட்டிலும் பத்து நடுவர்கள் அவரவர் ஊரிலேயே உட்கார்ந்து பார்த்து, முடிவைத் தொலைபேசியில் சொன்னார்கள். சொந்த நாட்டுக்கு வாக்களிப்பதும் தடைசெய்யப்பட்டது. எண்கள் ஒவ்வொன்றாக ஏறுவதை மக்கள் பார்த்தார்கள். யூரோவிஷன் யூரோவிஷன் ஆனது அந்த இரவில்தான் என்பது என் கருத்து. அதே இரவில் இத்தாலி ஐந்து நிமிடத்துக்கும் மேல் நீண்ட ஒரு பாட்டை அனுப்பியது. மூன்று நிமிட வரம்பைக் கறாராக்கியது அதுதான்.

1958இல் நடந்ததைச் சொல்லாமல் விட முடியாது. இத்தாலியின் டொமினிகோ மொதுன்யோ "வோலாரே" என்று உலகம் இன்று அழைக்கும் பாட்டைப் பாடினார். கிடைத்தது மூன்றாம் இடம். மறுவருடம் அமெரிக்காவில் முதல்முதலாகக் கிராமி விருதுகள் கொடுக்கப்பட்டபோது வருடத்தின் சிறந்த பாடல் விருதும் சிறந்த இசைத்தட்டு விருதும் இதற்குத்தான் போயின. நடுவர்கள் சொல்வது ஒன்று, காலம் சொல்வது வேறொன்று என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி யூரோவிஷனில் இல்லை.

தொலைபேசி வாக்கிலும் வில்லங்கம் வந்தது. 1963இல் லண்டனில் நார்வேயின் முறை வந்தபோது அறிவிப்பாளர் முடிவை முறைப்படி வாசிக்கவில்லை. பிறகு கூப்பிடுகிறோம் என்று தொகுப்பாளர் சொல்லிவிட்டார். கடைசியில் மறுபடி அழைத்தபோது நார்வேயின் புள்ளிகள் மாறியிருந்தன. அந்த மாற்றத்தால் டென்மார்க் 42 புள்ளிகளோடு வென்றது, சுவிட்சர்லாந்துக்கு 40. முதலில் சொன்னது இறுதி முடிவு இல்லை என்று விளக்கம் வந்தது. சுவிஸ்காரர்களில் வயதானவர்கள் சிலர் இன்றும் இதை ஏற்பதில்லை.

1969 இன்னும் மோசம். மாட்ரிட்டில் ஸ்பெயின், பிரிட்டன், நெதர்லாந்து, பிரான்ஸ் நான்கும் தலா 18 புள்ளிகள். சமமாக வந்தால் என்ன செய்வது என்று விதிப்புத்தகத்தில் ஒரு வரிகூட இல்லை. நான்கு பேரையும் வெற்றியாளர்கள் என்று அறிவித்தார்கள். ஸ்பெயினில் அப்போது ஃபிராங்கோவின் சர்வாதிகாரம். அங்கே போகமாட்டோம் என்று ஆஸ்திரியா அந்த வருடம் கலந்துகொள்ளவேயில்லை. மறுவருடம் நார்வே, சுவீடன், பின்லாந்து, போர்ச்சுகல் நாடுகளும் விலகின. ஆம்ஸ்டர்டாமில் மிஞ்சியவை 12 நாடுகள். போட்டி நின்றுபோகும் என்று பலர் நினைத்த வருடம் அது. சமநிலை விதி, மேடை விதிகள், நடுவர் எண்ணிக்கை என்று அடுத்த ஐந்து வருடமும் ஏதாவது ஒன்றை மாற்றிக்கொண்டே இருந்தார்கள்.

இந்தக் குழப்பத்துக்கு நடுவில் வந்ததுதான் 1974. இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில் ஏப்ரல் 6 அன்று சுவீடனின் ஆபா குழு வென்றது எல்லாருக்கும் தெரியும். நான் நிறுத்திச் சொல்ல விரும்புவது அதே மேடையில் கடைசி இடத்தைப் பகிர்ந்துகொண்ட ஒரு பாட்டை. போர்ச்சுகலின் பாலோ டி கார்வால்யோ பாடியது. தலைப்புக்கு "விடைபெற்ற பிறகு" என்று பொருள். சாதாரணக் காதல் பிரிவுப் பாட்டு. கிடைத்தது மூன்று புள்ளிகள். பதினெட்டு நாள் கழித்து, ஏப்ரல் 24 இரவு 10:55க்கு, லிஸ்பனில் ஒரு வானொலி நிலையம் அந்தப் பாட்டை ஒலிபரப்பியது. சர்வாதிகாரத்துக்கு எதிராகக் கிளம்பத் தயாராயிருந்த ராணுவ அதிகாரிகளுக்கு அதுதான் முதல் சமிக்ஞை. அரசியல் வாசனையே இல்லாத, எல்லா நிலையங்களிலும் சகஜமாக ஓடும் போட்டிப் பாட்டு என்பதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. நள்ளிரவுக்குப் பிறகு இரண்டாம் சமிக்ஞையாக, தடைசெய்யப்பட்ட ஒரு பாடகரின் பாட்டு ஒலித்தது. மறுநாள் நாற்பது வருடத்துக்கும் மேலாக நீடித்த ஆட்சி விழுந்தது. துப்பாக்கி முனைகளில் மக்கள் கார்னேஷன் பூக்களைச் செருகினார்கள். மூன்று புள்ளி வாங்கிய அந்தப் பாட்டு இப்போது போர்ச்சுகலின் வரலாற்றுப் பாடத்தில் இருக்கிறது.

1975இல்தான் இன்று எல்லாருக்கும் தெரிந்த முறை வந்தது. ஒவ்வொரு நாடும் தனக்குப் பிடித்த பத்துப் பாட்டுகளுக்கு 1 முதல் 8 வரை, பிறகு 10, பிறகு 12 புள்ளிகள். ஒன்பதும் பதினொன்றும் கிடையாது. முதலிடத்தைக் கொஞ்சம் தூக்கிக் காட்டத்தான் அந்த இடைவெளி. ஒரு நாட்டு மக்கள்தொகை எட்டுக் கோடியா, மூன்று லட்சமா என்பது கணக்கிலேயே வராது. ஐஸ்லாந்தின் 12ம் ஜெர்மனியின் 12ம் ஒரே எடை. சிறிய நாடுகளுக்கு இவ்வளவு சமமான குரல் கிடைக்கும் பொதுமேடை அரிது என்பது என் எண்ணம். அதனால்தான் சின்ன நாடுகள் இதை உயிராக நேசிக்கின்றன.

பத்துக்குள் எதிலும் வராதவருக்குப் பூஜ்யம். 1978இல் நார்வேயின் யான் டைகன் புதிய முறையில் பூஜ்யம் வாங்கிய முதல் ஆள். ஊருக்குத் திரும்பியபோது அந்தப் பாட்டு நார்வேயில் பெரும் வெற்றி பெற்றது, அவரும் நாடு முழுக்க நேசிக்கப்பட்டவராகவே கடைசிவரை இருந்தார்.

அதே 1978இல் இஸ்ரேல் முதல்முறை வென்றது. "இஸ்ரேல் எப்படி?" என்ற உங்கள் கேள்விக்கு இங்கே பதில் சொல்லிவிடுகிறேன். ஒன்றியத்தில் சேரும் தகுதியை முடிவுசெய்வது ஐரோப்பிய ஒளிபரப்புப் பகுதி என்ற தொழில்நுட்ப எல்லை. வானொலி அலைவரிசைகளைப் பங்கிடுவதற்காகப் போட்ட கோடு அது. மத்தியதரைக் கடலைச் சுற்றியுள்ள ஆசிய, ஆப்பிரிக்கக் கரைகளும் அதற்குள் வரும். 1973 முதல் இஸ்ரேல் பாடுகிறது. மொரோக்கோ 1980இல் ஒரே ஒரு முறை பாடியது. லெபனான் 2005இல் வருவதாக இருந்து, இஸ்ரேலின் பாட்டை ஒளிபரப்ப முடியாது என்பதால் விலகியது. ஜோர்தானியத் தொலைக்காட்சி 1978இல் இஸ்ரேல் பாடும் நேரத்தில் பூக்களின் படத்தைக் காட்டியது. இஸ்ரேல் வெல்லப்போகிறது என்று தெரிந்ததும் ஒளிபரப்பையே நிறுத்தியது. ஆஸ்திரேலியாவின் கதை வேறு. ஐரோப்பாவிலிருந்து குடியேறியவர்கள் நிறைந்த அந்த நாட்டில் எஸ்பிஎஸ் அலைவரிசை 1983 முதல் இந்தப் போட்டியைக் காட்டிவந்தது. 60ஆவது போட்டியை முன்னிட்டு 2015இல் விருந்தாளியாக அழைத்தார்கள். அப்புறம் ஒவ்வொரு வருடமும் வந்துகொண்டே இருக்கிறது.

அடுத்தது மொழி. தமிழர்களாகிய நமக்கு இது அக்கறையான விஷயம் என்பதால் கொஞ்சம் நிற்கிறேன். தொடக்கத்தில் எழுதப்பட்ட விதி இல்லை; அவரவர் மொழியில் பாடினார்கள். 1965இல் சுவீடன் ஆங்கிலத்தில் பாடியதும், 1966 முதல் சொந்த மொழியில்தான் பாட வேண்டும் என்று விதி வந்தது. 1973இல் தளர்த்தினார்கள். 1974இல் ஆபாவும் 1975இல் நெதர்லாந்துக் குழுவும் ஆங்கிலத்தில் பாடி வென்றதும் 1977இல் மறுபடி இறுக்கினார்கள். அது 1998 வரை நீடித்தது. அந்தக் காலத்தில் அயர்லாந்து ஆறு முறை வென்றது, அதில் 1992, 1993, 1994 தொடர்ச்சியாக. நல்ல பாட்டுகள்தான், மறுக்கவில்லை. ஆனால் மற்றவர்கள் சொந்த மொழிக்குள் நிற்க, தன் மொழியாக ஆங்கிலம் வைத்திருந்தவர்களுக்கு எல்லாருக்கும் புரியும் வசதி கூடுதலாகக் கிடைத்தது. 1999இல் கட்டுப்பாடு நீங்கியதும் பெரும்பாலானவர்கள் ஆங்கிலத்துக்குப் போனார்கள். போட்டியின் காதே ஒரு மாதிரி மந்தமாகிப்போன வருடங்கள் அவை என்பது என் உறுதியான எண்ணம். திரும்பக் கூர்மை வந்தது, 2007இல் செர்பிய மொழியிலும், 2017இல் போர்ச்சுகீசியத்திலும், 2021இல் இத்தாலியத்திலும், 2022இல் உக்ரைனியத்திலும் பாடியவர்கள் வென்றபோதுதான். போர்ச்சுகல் 1964இல் சேர்ந்த நாடு. 53 வருடம் காத்திருந்து, சல்வடோர் சோப்ரால் வாண வேடிக்கை எதுவும் இல்லாமல் தனியாக நின்று மெதுவாகப் பாடிய ஒரு பாட்டால் 758 புள்ளிகளோடு வென்றது. நான் பார்த்த இறுதிச் சுற்றுகளில் மண்டபம் அவ்வளவு அமைதியாக இருந்தது வேறு எப்போதும் இல்லை. சிறிய மொழிகளுக்கும் இங்கே நல்ல தருணங்கள் உண்டு. 1980இல் நார்வே, சாமி பழங்குடியினரின் யோய்க் என்ற வாய்ப்பாட்டு முறையை மேடைக்குக் கொண்டுவந்தது. சாமி மக்கள் தங்கள் ஆற்றில் அணை கட்டுவதை எதிர்த்துப் போராடிக்கொண்டிருந்த நேரம் அது.

1990இல் யூகோஸ்லாவியாவின் ஜாக்ரெப் நகரில் போட்டி நடந்தது. பெர்லின் சுவர் விழுந்து ஆறு மாதம். பல நாடுகள் சுவரைப் பற்றியும் ஒற்றுமையைப் பற்றியும் பாடின. ஒன்றுபட்ட ஐரோப்பாவை வாழ்த்திய இத்தாலியின் டோட்டோ குடுன்யோ வென்றார். அதை நடத்திய நாடு மறுவருடமே உடைந்து போருக்குள் போனது.

1993 போட்டி அயர்லாந்தின் மில்ஸ்ட்ரீட்டில். சுமார் 1,500 பேர் மட்டுமே வாழும் ஊர். முந்தைய வருடம் அயர்லாந்து வென்றவுடன், அங்கிருந்த குதிரையேற்ற அரங்கத்தின் சொந்தக்காரர் இடம் தருகிறேன் என்று தேசிய ஒளிபரப்புக்குக் கடிதம் எழுதிவிட்டார். அந்த மேடைக்கு முதல்முறையாக போஸ்னியா வந்தது. தலைநகர் சரயேவோ முற்றுகையில் இருந்தது. பாடகர் ஃபாஸ்லாவும் குழுவினரும் இரவில் துப்பாக்கிச்சூட்டுக்கு நடுவே விமான ஓடுபாதையைக் கடந்து தப்பி வந்தார்கள். மேடையில் அவர்களுக்கு வாத்தியக் குழுவை நடத்தியவர் ஓர் அயர்லாந்துக்காரர், நோயல் கெலஹன். பாட்டின் தலைப்பு "உலகத்தின் வலி முழுவதும்". கிடைத்தது 27 புள்ளிகள், 16ஆம் இடம். ஆனால் வாக்களிப்பில் சரயேவோவின் முறை வந்து, இரைச்சலுக்கு நடுவே தூரத்திலிருந்து ஒரு குரல் கேட்டதும் அரங்கம் முழுக்கக் கைதட்டியது. மின்சாரமும் தண்ணீரும் இல்லாத ஒரு நகரத்தில் சிலர் உட்கார்ந்து அடுத்த நாடுகளின் பாட்டுகளுக்குப் புள்ளி போட்டிருக்கிறார்கள். நாங்களும் உங்களில் ஒருவர் என்று சொல்ல அவர்களுக்கு வேறு வழி இருக்கவில்லை. யுத்தத்துக்குள்ளிருந்து வெளிநாட்டுக்குத் தொலைபேசி எடுக்க வரிசையில் நின்ற குடும்பங்கள் நம்மிடையே நிறைய உண்டு. அந்த இரைச்சலைக் கேட்டால் அவர்களுக்கு விளக்கம் தேவைப்படாது.

கிழக்கு ஐரோப்பிய ஒளிபரப்பாளர்களின் தனிக் கூட்டமைப்பு அதே 1993இல் இந்த ஒன்றியத்தோடு இணைந்தது. பனிப்போர்க் காலத்தில் அவர்கள் 1977 முதல் 1980 வரை போலந்தின் சோபோட் நகரில் இன்டர்விஷன் என்று தனிப் போட்டி நடத்தியவர்கள். சுதந்திரம் பெற்றுப் பத்தே வருடமான எஸ்டோனியா 2001இல் வென்றது, அடுத்த வருடம் லாட்வியா, 2003இல் துருக்கி, 2004இல் உக்ரைன். நாடுகள் பெருகியதால் 2004இல் ஓர் அரையிறுதி, 2008இல் இரண்டு அரையிறுதிகள் வந்தன. போட்டியை நடத்தும் நாட்டைத் தவிர, அதிகப் பணம் கொடுக்கும் பெரிய நாடுகளுக்கும் நேரடி இறுதி இடம். இந்தச் சலுகை எனக்கு ஒருபோதும் நியாயமாகப் பட்டதில்லை.

இதற்கிடையில் பேனா நடுவர் கையிலிருந்து மக்கள் கைக்கு மாறியது. 1997இல் ஜெர்மனி, பிரிட்டன், சுவீடன், ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து ஆகிய ஐந்து நாடுகளில் பரிசோதனையாகத் தொலைபேசி வாக்கு. அந்த வருடம் ஐஸ்லாந்தின் பால் ஆஸ்கர் மொத்தம் பெற்ற 18 புள்ளிகளில் 16 இந்த ஐந்து நாடுகளிலிருந்து வந்தவை. நடுவர்கள் அவரைக் கண்டுகொள்ளவில்லை, மக்கள் கண்டுகொண்டார்கள். மறுவருடம் ஏறக்குறைய எல்லா நாடுகளிலும் மக்கள் வாக்கு. வென்றவர் இஸ்ரேலின் டானா இன்டர்நேஷனல், இந்தப் போட்டியை வென்ற முதல் திருநங்கை.

மக்கள் வாக்கோடு அண்டைநாட்டு வாக்கும் கூடவே வந்தது. கிரீஸும் சைப்ரஸும் 12ஐப் பரிமாறிக்கொள்வது, முன்னாள் யூகோஸ்லாவிய நாடுகள் ஒன்றையொன்று தூக்கிவிடுவது, ஜெர்மனியிலிருந்து துருக்கிக்குக் கொட்டும் புள்ளிகள். 2007இல் முதல் பத்து இடங்களில் மேற்கு ஐரோப்பிய நாடுகளில் கிரீஸைத் தவிர ஒன்றும் இல்லை. சதி என்று கூச்சல் எழுந்தது. நான் அப்படிப் பார்க்கவில்லை. எல்லை பிரிந்தாலும் மொழியும் இசை ரசனையும் பிரிவதில்லை. புலம்பெயர்ந்தவன் தன் ஊர்ப் பாட்டைக் கேட்டால் தொலைபேசியை எடுக்கத்தான் செய்வான். சுவிட்சர்லாந்தில் இருக்கும் என் சித்தப்பா பிள்ளைகளுக்காக நாங்கள் ஜெர்மனியிலிருந்து சுவிஸ் பாட்டுக்கு வாக்களித்ததும் உண்டு. ஆனால் அதை மட்டுமே வைத்து முடிவெடுத்தால், வெளிநாட்டில் தன் மக்கள் அதிகம் இல்லாத நாடு தோற்றுக்கொண்டே இருக்கும். அதனால் 2009 இறுதிச் சுற்றில் நடுவர்கள் திரும்பி வந்தார்கள்: பாதி அவர்கள், பாதி மக்கள். அதே வருடம் ஆர்மீனியாவுக்கு வாக்களித்ததற்காக அஜர்பைஜானில் ஒருவரைத் தேசியப் பாதுகாப்பு அமைச்சகம் கூப்பிட்டு விசாரித்தது. அதன்பின், வாக்களித்தவரின் விவரம் வெளியே போனால் அந்த நாட்டு ஒளிபரப்பாளரே பொறுப்பு என்று விதி எழுதப்பட்டது.

2016இல் இரண்டு பாதிகளையும் தனித்தனியாக அறிவிக்கத் தொடங்கினார்கள். முதலில் நடுவர் புள்ளி, பிறகு ஒரே மூச்சில் மக்கள் புள்ளி. அந்த வருடமே இதன் வீரியம் தெரிந்தது. நடுவர்களிடம் ஆஸ்திரேலியா முதலிடம், மக்களிடம் ரஷ்யா முதலிடம், இரண்டிலும் இரண்டாவதாக வந்த உக்ரைனின் ஜமாலா 534 புள்ளிகளோடு வென்றார். கிரீமியத் தாதர் இன மக்களை ஸ்டாலின் நாடு கடத்திய வருடம் பற்றிய பாட்டு அது. ஜமாலாவின் பூட்டியின் கதை. அரசியல் வரிகளுக்குத் தடை உண்டு, வரலாற்றுக்குத் தடை இல்லை என்று ஒன்றியம் அனுமதித்தது. ரஷ்யா கிரீமியாவைப் பிடித்து இரண்டு வருடம் ஆகியிருந்த நேரத்தில் அந்தக் கோட்டை எங்கே போடுவது என்று யாரால் சொல்ல முடியும்?

2022இல் உக்ரைன் மீது படையெடுத்த மறுநாளே ரஷ்யா விலக்கப்பட்டது. உக்ரைனின் கலுஷ் குழு மக்களிடமிருந்து மட்டும் 439 புள்ளிகள் வாங்கி வென்றது. இவ்வளவு மக்கள் புள்ளி அதற்கு முன் யாருக்கும் கிடைத்ததில்லை. அடுத்த வருடம் உக்ரைனுக்காக லிவர்பூல் நடத்தியது. அதே 2022இல் ஆறு நாட்டு நடுவர்கள் தங்களுக்குள் பேசிவைத்துப் புள்ளி போட்டதுபோல் தெரிந்ததால் அவர்களுடைய புள்ளிகள் நீக்கப்பட்டன. விளைவாக 2023இல் அரையிறுதிகளை முழுக்க மக்களிடமே விட்டார்கள். அந்த வருட இறுதிச் சுற்றில் மக்களின் தேர்வு பின்லாந்தின் கேரியா. நடுவர் புள்ளிகளின் பலத்தில் கோப்பை சுவீடனின் லோரீனுக்கு. 2024இல் குரோஷியா மக்களிடம் முன்னே, நடுவர்களால் வென்றவர் சுவிட்சர்லாந்தின் நெமோ. 2025இல் பாசெலில் ஆஸ்திரியாவின் ஜேஜே வென்றார். மக்கள் வாக்கில் 297 புள்ளிகளோடு முன்னே நின்றது இஸ்ரேல். காசா போரின் நடுவே, ஒரு அரசாங்கம் விளம்பரம் செய்து வாக்குத் திரட்டலாமா என்ற கேள்வி வெடித்தது. ஸ்பெயின் உட்பட சில நாடுகளின் ஒளிபரப்பாளர்கள் வாக்குக் கணக்கைத் தணிக்கை செய்யக் கேட்டார்கள். ஒருவர் போடக்கூடிய வாக்குகள் 20லிருந்து 10ஆகக் குறைக்கப்பட்டன. அரையிறுதிக்கு நடுவர்களைத் திரும்பக் கொண்டுவர முடிவானது. ஆனாலும் இஸ்ரேல் தொடரலாம் என்று 2025 டிசம்பரில் தெரிந்ததும் ஸ்பெயின், அயர்லாந்து, நெதர்லாந்து, ஸ்லோவேனியா, ஐஸ்லாந்து ஐந்தும் 2026 வியன்னா போட்டிக்கு வரமாட்டோம் என்றன. இதில் நெதர்லாந்து 1956இன் ஏழு நாடுகளில் ஒன்று. அயர்லாந்து ஏழு முறை வென்ற நாடு.

"எல்லாம் அரசியலா?" என்றால், அரசியல் 1969இலேயே இருந்தது, 1978இலும் இருந்தது. ஆனால் அதோடு கூட, மூன்று நிமிடத்தில் முன்பின் தெரியாத மொழியில் ஒருவர் பாடி, இருபது நாட்டுச் சமையலறைகளில் வேலையை நிறுத்தவைப்பதும் ஒவ்வொரு வருடமும் நடக்கிறது. பழைய போட்டிகளில் ஒன்றையாவது பார்க்க நேரம் கிடைத்தால் 1993ஐ எடுங்கள். பாட்டுகளைத் தாண்டி வாக்களிப்புக்குப் போங்கள். சரயேவோவின் இணைப்பு வரும்வரை காத்திருங்கள்.